கண்ணாடியில் எழுதும் எண்

நான் என் மச்சான் ஹோபர்ட்டுக்குத் தர வேண்டியிருந்தது நாலாயிரத்து இருநூற்று எண்பத்தைந்து டாலர். வட்டி கிடையாது. வட்டியில்லாக் கடன்தான் ஆளை அதிகம் அரிக்கும் என்பது வாங்கிய பிறகுதான் தெரிந்தது. வங்கிக்காரன் மாதம் ஒரு கடிதம் போடுவான், அவ்வளவுதான். மச்சான் அப்படியா? ஞாயிறுதோறும் தேவாலயத்தில் எனக்கு முன்வரிசையில் உட்கார்ந்து, இரண்டு பாட்டுக்கு நடுவில் திரும்பி, "மாப்ள, வண்டி எப்படி ஓடுது?" என்று கேட்பான். கேட்கிறவர்களுக்கு அது நலம் விசாரிப்பு. எனக்கு அது கடன் வசூல்.

வண்டி என்றால் என் கார்வெட், இரண்டு பேர் மட்டும் உட்காரும் ஸ்போர்ட்ஸ் கார். எழுபத்து மூன்றாம் வருடத்து மாடல். இருபத்தாறு வருடம் முன்பு ஒரு பல் டாக்டரின் விதவைக்கு வீட்டிலிருந்து சாலை வரை கான்கிரீட் பாதை போட்டுக் கொடுத்தேன். எட்டு நாள் வேலை. கூலி கேட்கப் போனபோது அந்தம்மா கையில் பணம் இல்லை. கோழிக்கொட்டகையைத் திறந்து, "இது ஆகுமா பாரு" என்றார். உள்ளே இந்தக் கார். ஓட்டுநர் இருக்கையில் ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. குஞ்சு பொரிக்கும் வரை காத்திருந்து, இழுத்துக்கொண்டு வந்தேன்.

பழைய கார் சேகரிப்பவர்கள் அதைத் தொடமாட்டார்கள். எஞ்சின் அந்தக் காருடன் பிறந்ததல்ல, ஒரு லாரியிலிருந்து வந்தது. முன்மூடி பச்சை, உடம்பு சிவப்பு. இடது கதவுக்குக் கீழே ஃபைபரில் நானே ஒட்டுப் போட்டது கிட்டத்தில் வந்தால் தெரியும். ஆனால் அந்த இடுப்பு! முன்சக்கரத்துக்கு மேலே திமில் மாதிரி எழும்பி, கதவில் ஒடுங்கி, பின்சக்கரத்தில் மறுபடி எழும்பும். வேலை முடிந்து முழங்கால் இரண்டும் தீயாக எரிய வீட்டுக்கு வந்து, அதைப் பார்த்துக்கொண்டு ஒரு ஐஸ் டீ குடித்தால் பாதி வலி போய்விடும். மீதி வலிக்கு மாத்திரை இருக்கிறது.

போன வருடம் ஜூன் மாதம் ஒரு பந்தயத்தில் எஞ்சினுக்குள் ஒரு தண்டு ஒடிந்து, இரும்பைத் துளைத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டது. பட்டறைக்காரன் போட்ட கணக்குத்தான் அந்த நாலாயிரத்து இருநூற்று எண்பத்தைந்து. ஹோபர்ட் கொடுத்தான். சும்மா அல்ல. காரின் உரிமைப் பத்திரத்தை வாங்கி வைத்துக்கொண்டான். அடுத்த வருடம் செப்டம்பர் முதல் திங்களன்று வரும் தொழிலாளர் தினத்துக்குள் பணம் தரவேண்டும், இல்லையென்றால் கார் அவனுக்கு. மேலே ஐயாயிரம் அவன் எனக்குத் தருவான். ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டோம். ஐம்பத்திரண்டு வயதில்தான் நான் எழுத்துப் படித்தேன். பிறர் சொல்லக் கேட்காமல் நானே படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்ட முதல் தாள் அது. படித்தும் போட்டேனே என்று நெல்டா இன்றும் சொல்வாள். நெல்டா என் மனைவி, ஹோபர்ட்டின் தங்கை.

அவனைக் கெட்டவன் என்று சொல்ல முடியாது. ஐயாயிரம் நியாயமான விலைதான். அவனுக்கு ஊரில் குளிர்சாதனம் பொருத்தும் தொழில். மூன்று வேன், பதினொரு ஆள். இந்த வசந்தத்தில் புதுக் கார்வெட் ஒன்று வாங்கினான், வெள்ளி நிறம். அதற்காகவே வீட்டுப் பக்கத்தில் கண்ணாடிக் கதவு வைத்த கொட்டகை கட்டினான். இரண்டு கார் நிற்கும் இடம். தரையை நான்தான் போட்டேன், அதற்குக் கூலியைக் கடனில் கழிக்கச் சொன்னேன். "குடும்பத்துக்குள்ள என்ன கூலி மாப்ள" என்று சிரித்துவிட்டான். வலது பக்கத்தில் வெள்ளிக்கார் நின்றது. இடது பக்கம் காலி.

"அங்க என்ன வரப்போவுது?" என்று கேட்டேன்.

"தாத்தா வருவாரு. பேரன் பக்கத்துல தாத்தா நிக்கணும்ல? ஓட்டவே மாட்டேன் மாப்ள. தொடச்சு வச்சிடுவேன். பேட்டரியக்கூடக் கழட்டிடுவேன்."

அன்று இரவு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பேட்டரியைக் கழற்றுவானாம்.

புதுக் காரை நான் குறை சொல்லப் போவதில்லை. ஒருநாள் ஹோபர்ட்டே சாவியைக் கொடுத்து ஓட்டச் சொன்னான். எங்கள் பக்கம் வீட்டுக்கு ஒருவர் பௌலிங் கிரீன் ஊரில் அந்தக் கார் செய்யும் தொழிற்சாலையில் இருக்கிறார்கள். அங்கே புதுக் கட்டடம் எழுந்தபோது கான்கிரீட் தரை தேய்த்த கூட்டத்தில் நானும் ஒருவன். அதனால் அந்தக் காருக்கும் எனக்கும் ஒரு உறவு உண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். எஞ்சின் முதுகுக்குப் பின்னால். முன்மூடியைத் திறந்தால் பெட்டி வைக்கிற இடம். கிளட்ச் மிதி இல்லை. கியர் கம்பி இல்லை, பொத்தான். இருக்கை முதுகைக் குளிரவைக்கிறது. ஆக்சிலேட்டரில் காலை வைத்தேன். ஆற்றில் வெள்ளம் தூக்கிக்கொண்டு போவது போல இருந்தது. வளைவில் அதுவே தன்னைச் சரிசெய்துகொண்டது. நான் அதை ஓட்டினேன் என்று சொல்வது பொய். அது என்னைக் கூட்டிக்கொண்டு போய்ப் பத்திரமாக இறக்கிவிட்டது. வெட்கத்தை விட்டுச் சொன்னால், இறங்க மனம் வரவில்லை.

என் கார் அப்படியல்ல. தரை வழியாகச் சூடு ஏறி உள்ளங்காலைச் சுடும். கிளட்சை மிதிக்கக் கழுதையின் தொடை வேண்டும். ஆனால் அதற்கு என்ன வலிக்கிறது என்பதை அது எனக்குச் சொல்லிவிடும்.

வெறும் வேகம் என்றால் இரண்டையும் பக்கத்தில் நிறுத்துவதே அநியாயம். கால் மைல் தூரத்தை வெள்ளிக்கார் பதினொன்றரை நொடியில் முடிக்கும். என்னுடையது பதிமூன்றரைக்குப் பக்கம். ஆனால் எங்கள் ஊர்ப் பந்தயத்தில் வேகமான கார் ஜெயிப்பதில்லை. தன்னைத் தெரிந்த கார் ஜெயிக்கும். முறை இதுதான்: ஓடுவதற்கு முன் ஒவ்வொருவரும் தன் கார் கால் மைலை எத்தனை நொடியில் முடிக்கும் என்று ஜன்னல் கண்ணாடியில் வெள்ளை ஷூ பாலிஷால் எழுதவேண்டும். நூறில் ஒரு பங்கு வரை. மெதுவான காருக்கு அந்த வித்தியாச நேரம் முன்கூட்டியே பச்சை விளக்கு எரியும். முதலில் கோட்டைத் தாண்டுகிறவன் ஜெயித்தான். ஆனால் எழுதிய எண்ணைவிட வேகமாக ஓடிவிட்டால் முதலில் வந்தும் தோற்றான். வேகத்தை ஒளித்துவைத்து முன்கூட்டியே கிளம்பப் பார்க்கிற பொய்யனுக்கு வைத்த பொறி அது.

தொழிலாளர் தினத்துக்கு முந்திய சனிக்கிழமை. பாரன் ஹாலோ பந்தயத் தடம். முப்பத்திரண்டு கார், ஐந்து சுற்று, ஜெயித்தவனுக்கு நாலாயிரத்து ஐந்நூறு டாலர் ரொக்கம். இரண்டாவது வந்தவனுக்கு எண்ணூறு. கடனுக்கு இன்னும் இரண்டு நாள் இருந்தது. என் கையில் இருந்தது முந்நூற்று இருபது. நான் வேறு எதை நம்புவது?

ஹோபர்ட்டும் பேர் கொடுத்திருந்தான். புதுக் கார் வந்ததிலிருந்து அவனுக்கு இந்தப் பைத்தியம். வந்து இறங்கினதுமே சட்டைப்பையைத் தட்டிக் காட்டினான்.

"மாப்ள, உன் வண்டிப் பத்திரம் இங்கதான் இருக்கு. சாயங்காலமே முடிச்சிடலாம். திங்கக்கிழமை லீவு நாள்ல எதுக்கு அலையணும்?"

"எடுத்துட்டு வந்தது நல்லதாப் போச்சு," என்றாள் நெல்டா. "திருப்பிக் குடுக்க வசதியா இருக்கும்."

"பாரேன், என் கூடப் பொறந்தவ! அண்ணன் பக்கம் ஒருநாளாவது நின்னிருக்கியா நீ?"

"நீ சரியான பக்கம் நின்னா நானும் நிப்பேன் அண்ணே."

காலையிலிருந்தே வெயில் மண்டையைப் பிளந்தது. காற்று அசையவில்லை. புழுக்கத்தில் எஞ்சினுக்கும் மூச்சு முட்டும். நெல்டா குறிப்புப் புத்தகத்தைப் புரட்டி, போன வருடம் இதே மாதிரி ஒரு புழுக்க நாளில் ஓடிய எண்ணைப் பார்த்துச் சொன்னாள். கண்ணாடியில் 13.42 என்று எழுதினோம். முதல் சுற்று 13.44. இரண்டாவது 13.43. மூன்றாவது சுற்றில் ஒரு பிக்கப் ஓட்டிய பெண் என்னைவிட முந்திக் கோட்டைத் தாண்டினாள். ஆனால் தன் எண்ணை இரண்டு நூறில் பங்கு மீறிவிட்டாள். இறங்கி வந்து தன் வண்டிச் சக்கரத்தையே ஒரு உதை விட்டாள். நாலாவது சுற்றில் எதிராளி பச்சை விளக்குக்கு முன்பே பாய்ந்து தானே கெடுத்துக்கொண்டான். நான் இறுதிக்கு வந்துவிட்டேன். நம்ப முடியாமல் காருக்குள்ளேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

மறுபக்கத்திலிருந்து இறுதிக்கு வந்தவன் ஹோபர்ட். அவன் கண்ணாடியில் காலையில் எழுதிய 11.52 அழியாமல் இருந்தது. ஓடியது 11.53, 11.54, 11.53, 11.53. அச்சில் வார்த்த மாதிரி. பிரேக்கையும் ஆக்சிலேட்டரையும் ஒன்றாக மிதித்துப் பிரேக்கை விட்டால் போதும், மீதியை உள்ளே இருக்கும் கணினி பார்த்துக்கொள்ளும்.

இறுதிக்கு முன்னால் அரைமணி இடைவேளை. இரண்டு காரையும் வரிசையில் பக்கம் பக்கமாக நிறுத்தினார்கள். கூட்டம் சேர்ந்துவிட்டது. ஐம்பது வருட இடைவெளியில் ஒரே பேர் கொண்ட இரண்டு கார். ஒலிபெருக்கியில் பேசும் லூதர் மேலே கோபுரத்திலிருந்து ஆரம்பித்துவிட்டான்.

"இந்தப் பக்கம் பாருங்கய்யா, சீட்டே ஏசி! அந்தப் பக்கம் பாருங்க, சீட்டுல இன்னும் கோழி இறகு! புதுசுல பின்னாடி எஞ்சின், முன்னாடி டிக்கி. பழசுல முன்னாடி எஞ்சின், டிக்கியே கிடையாது. பொண்டாட்டி பெட்டியத் தலையில வச்சுக்கிட்டு வரணும்!"

"லூதர், உன் பொண்டாட்டி பெட்டியோட போயே நாலு வருஷம் ஆச்சு!" என்று நெல்டா கீழேயிருந்து கத்தினாள். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது.

ஒரு கிழவர் இரண்டு காரையும் சுற்றிச் சுற்றி வந்தார். புதுசின் பக்கவாட்டைத் தடவி, "இது போர்விமானம் மாதிரி இருக்கு" என்றார். என் காரின் இடுப்பைத் தடவிக் கையை அங்கேயே வைத்துக்கொண்டார். எனக்கு அது போதும்.

ஹோபர்ட் வெள்ளிக்காருக்குள் ஏறிக் கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, ஏசியைப் போட்டுக்கொண்டு சாய்ந்துவிட்டான். வெயிலில் நிற்க அவனுக்கு என்ன தலையெழுத்து. நான் என் காரின் நிழலில் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தேன்.

அப்போதுதான் மேற்கே மேகம் ஏறியது. மழை மேகம் அல்ல. எங்கோ தூரத்தில் பெய்து முடித்து, அதன் குளிர்ச்சியை மட்டும் இந்தப் பக்கம் தள்ளிவிட்ட மேகம்.

கான்கிரீட் தேய்க்கிறவனுக்குக் காற்றுதான் கடிகாரம். ஊற்றிய தரையின் மேல் முதலில் தண்ணீர் மினுங்கும். அந்த மினுக்கு அடங்கும் நேரம் பார்த்துக் கரணையைப் போடவேண்டும். முந்தினால் தரை பிற்பாடு தோல் உரியும். பிந்தினால் கல்லாகிவிடும், கரணை ஏறாது. புழுக்கத்தில் ஒரு கணக்கு, வறண்ட காற்றில் ஒரு கணக்கு. முப்பத்தெட்டு வருடம் மண்டியிட்டு அந்த நேரத்துக்காகக் காத்திருந்தவன் நான். காற்று மாறினால் என் கன்னத்துக்கும் காதுமடலுக்கும் முதலில் தெரிந்துவிடும். வாளியில் உட்கார்ந்திருந்தவன் நிமிர்ந்தேன். கழுத்து வேர்வை சட்டென்று காய்ந்தது. புழுக்கம் வழித்து எடுத்த மாதிரி போய்விட்டது. பதினைந்து டிகிரியாவது இறங்கியிருக்கும்.

குளிர்ந்த காற்று கனமான காற்று. எஞ்சினுக்கு அது விருந்து. இனி எந்தக் காரும் காலையில் ஓடிய மாதிரி ஓடாது, கூடுதல் வேகமாகத்தான் ஓடும்.

"நெல்டா," என்றேன்.

"எனக்கும் தெரியுது. கை மயிர் சிலுத்துக்கிச்சு." அவள் ஏற்கெனவே குறிப்புப் புத்தகத்தில் விரலை ஓட்டிக்கொண்டிருந்தாள். "போன வருஷம் அக்டோபர்ல ஒருநாள் இப்படிக் காத்து. அப்ப பதிமூணு முப்பது ஓடியிருக்கு."

"அப்ப முப்பத்தாறு எழுது."

"முப்பது ஓடுற வண்டிக்கு முப்பத்தாறா? மீறிடுவியே."

"பிரேக்குன்னு ஒண்ணு இருக்குல்ல?"

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். அப்புறம் பழைய எண்ணைத் துணியால் துடைத்துவிட்டு 13.36 என்று எழுதினாள். எழுதி முடித்துப் பாலிஷ் புட்டியை மூடியவள், பக்கத்துக் காரைப் பார்த்தாள். ஹோபர்ட் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தான். அவன் கண்ணாடியில் அதே 11.52.

"அவனுக்குச் சொல்லணும் வெர்லின்."

சொன்னால் எண்ணை மாற்றிவிடுவான். மாற்றினால் அச்சில் வார்த்த அந்தக் காரை நான் எப்படி ஜெயிப்பது? கார் போய்விடும். கண்ணாடிக் கொட்டகையில், பேட்டரி இல்லாமல்.

"கூடப் பொறந்தவன்," என்றாள்.

"சரி, சொல்லு. இப்படி ஜெயிச்சுட்டு ஞாயித்துக்கிழமை அவன் முதுகுக்குப் பின்னாடி உக்காந்து எப்படிப் பாடுறது."

அவள் போய் அவன் ஜன்னலைத் தட்டினாள். அவன் கண்ணாடியை ஒரு விரற்கடை மட்டும் இறக்கினான்.

"அண்ணே, வெளிய வா. காத்து மாறிப்போச்சு. உன் நம்பர மாத்திக்க."

அவன் அவளைப் பார்த்தான். அவள் தோளுக்கு மேலே என்னைப் பார்த்தான். என் கண்ணாடியில் புது எண் எழுதியிருப்பதையும் பார்த்தான். பிறகு வாயெல்லாம் பல்லாகச் சிரித்தான்.

"உன் புருஷன் சொல்லி அனுப்பினானா? நான் நம்பரக் கொறச்சு எழுதணும், வண்டி அந்த அளவுக்கு ஓடாம நான் பின்னாடி நிக்கணும், அதானே?"

"அட, கண்ணாடிய முழுசா எறக்கித்தான் பாரேன்! ஊருக்கெல்லாம் குளிர்காத்து விக்கிறவனுக்கு, சும்மா வர்ற குளிர்காத்து தெரியலியா?"

"என் வண்டி காலையிலேருந்து ஒரே நம்பர் ஓடுது தங்கச்சி. உங்க வண்டிதான் காத்தப் பாத்துக் கண்ணீர் விடும். இதுக்கு மூளை இருக்கு, அதுவே பாத்துக்கும். போ, போ, ஏசி வெளிய போவுது." கண்ணாடி ஏறிவிட்டது.

அவன் சொன்னதில் பொய் இல்லை. அதற்கு மூளை இருந்தது. குளிர்ந்த காற்று வந்ததும் அதற்கேற்றபடி பெட்ரோலைக் கூட்டி, காற்றில் இருக்கிற பலத்தை எல்லாம் ஒரு சொட்டு விடாமல் எடுத்துக்கொள்ளும். எவ்வளவு வேகமாக ஓடலாமோ அவ்வளவு வேகமாக ஓடும். ஆனால் கண்ணாடியில் எழுதியிருப்பதை அதனால் படிக்க முடியாது. அது ஆள் பார்க்க வேண்டிய வேலை.

நெல்டா திரும்பி வந்தாள். "சொல்லிட்டேன். இனிமே அவன் பாடு. நீ போயி அவன் கண்ணுல விரல விட்டு ஆட்டிட்டு வா."

விளக்குக் கம்பத்துக்கு முன் போய் நின்றோம். இடது தடம் எனக்கு. கிளட்சை மிதித்துக்கொண்டு விளக்கையே பார்த்தேன். மஞ்சள், மஞ்சள், மஞ்சள். மூன்றாவது மஞ்சள் எரியும்போதே காலை விட்டேன், கார் நகர்வதற்குள் பச்சை வந்துவிடும். பின்சக்கரம் ஒரு கணம் வழுக்கிப் பிடித்தது. கார் முகத்தைத் தூக்கிக்கொண்டு கிளம்பியது. பக்கத்தில் ஹோபர்ட் இன்னும் நின்றுகொண்டிருக்கிறான். அவனுக்குப் பச்சை வர இன்னும் ஒன்றே முக்கால் நொடிக்கு மேல் இருக்கிறது.

இரண்டாவது கியர். அப்போதே தெரிந்தது. காலையில் இந்த இடத்தில் முக்கி முனகிய கார் இப்போது பாடியது. மூன்றாவது கியருக்குக் கம்பியை இழுத்தபோது கை தானாகப் போய் வந்தது. குளிர்காற்றை வாங்கி வாங்கி எஞ்சின் அலறியது. இந்தப் போக்கில் போனால் முப்பது, முப்பத்தொன்றில் போய் நிற்கும் என்று முதுகெலும்பு சொன்னது. என் எண் முப்பத்தாறு. அப்படியே போனால் நானும் மீறித் தோற்றவன்தான்.

நாலாவது கியர் போட்டுவிட்டுப் பக்கக் கண்ணாடியைப் பார்த்தேன். வெள்ளிக்கார் வந்துகொண்டிருந்தது. எத்தனையோ கார் என் பின்னால் வந்து பார்த்திருக்கிறேன். எந்த இடத்தில் எவ்வளவு பெரிதாகத் தெரிந்தால் கோட்டில் என்ன ஆகும் என்பது எனக்கு மனப்பாடம். இவன் இந்த இடத்தில் இவ்வளவு பெரிதாகத் தெரியக் கூடாது. இவன் மீறி வருகிறான்.

கோட்டுக்கு இன்னும் முப்பது கெஜம் இருக்கலாம். அவன் மூக்கு என் பின்சக்கரத்துக்கு நேராக. இப்போது என் முன் இரண்டு வழி இருந்தது. ஆக்சிலேட்டரை அமுக்கிக்கொண்டே போகலாம். எந்த ஆம்பிளைக்கும் அதுதான் ஆசை, மச்சானை முந்துவது. அல்லது விட்டுக்கொடுக்கலாம்.

பிரேக்கைத் தட்டினேன். ஒருமுறை. இன்னொருமுறை. சிவப்பு விளக்கு எரிவதைப் பார்த்த கூட்டம் "ஐயோ!" என்று ஒரே குரலில் கத்தியதை எஞ்சின் சத்தத்துக்கு மேலே கேட்டேன். ஹோபர்ட் என்னைத் தாண்டினான். தாண்டும்போது திரும்பி என்னைப் பார்த்துக் கையைக்கூட ஆட்டினான். ஒரு கார் நீளம் முன்னால் கோட்டைக் கடந்தான்.

ஜெயித்தவனைக் காட்டும் விளக்கு என் பக்கத்துச் சுவரில் எரிந்தது.

லூதரின் குரல் கிழிந்தது. "அய்யய்யோ! அய்யய்யோ! வலது தடம் பதினொண்ணு நாப்பத்தாறு! எழுதினது அம்பத்திரண்டு! மீறிட்டான்! இடது தடம் பதிமூணு நாப்பது, எழுதினது முப்பத்தாறு, சுத்தம்! கோழிக்கொட்டக ஜெயிச்சிருச்சு! எழுபத்து மூணு ஜெயிச்சிருச்சுய்யா!"

தடத்தின் கடைசியில் காரைத் திருப்பி, திரும்புகிற பாதையில் மெதுவாக வந்தேன். வேலி ஓரம் முழுக்க ஆட்கள். முகம் தெரியாதவர்கள் முன்மூடியைத் தட்டினார்கள். அந்தக் கிழவர் தொப்பியைக் கழற்றிக் காட்டினார். பிக்கப் ஓட்டிய பெண் இரண்டு விரலை வாயில் வைத்து விசில் அடித்தாள். நெல்டா ஓடி வந்தாள். அவள் ஓடி நான் பார்த்துப் பத்து வருடம் இருக்கும். கார் நிற்பதற்குள் கதவைத் திறந்து என் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "நீ பிரேக்க மிதிச்சப்ப எனக்கு உசிரே போச்சுடா பாவி," என்று அழுதாள், சிரித்தாள்.

முப்பத்தெட்டு வருடம் குனிந்தே கிடந்த முதுகு நிமிர்ந்து நின்றது, அவ்வளவுதான் சொல்ல முடியும்.

பணம் கொடுக்கும் ஜன்னலில் ஓப்பல் அக்கா உட்கார்ந்திருந்தார். நாற்பத்தைந்து நூறு டாலர் தாள்களை எண்ணி வைத்தார். அதில் ஒன்றைச் சில்லறையாக்கித் தரச் சொன்னேன். மடித்துச் சட்டைக்குள் போடாமல் கையிலேயே பிடித்துக்கொண்டு நேராக வெள்ளிக்காருக்குப் போனேன்.

ஹோபர்ட் வெளியே நின்றிருந்தான். இப்போதுதான் அவன் மேல் காற்று பட்டது போலிருக்கிறது, முழங்கைகளைத் தேய்த்துக்கொண்டிருந்தான்.

"குளுருது மாப்ள," என்றான்.

"சொன்னோம் மச்சான்."

"சொன்னீங்க." கண்ணாடியிலிருந்த 11.52ஐ விரலால் தேய்த்து அழித்தான். "உண்மையத்தான் சொன்னா அவ. நான்தான் தந்திரம்னு நெனச்சேன். நான் உங்க எடத்துல இருந்தா சொல்லியிருக்க மாட்டேன், அதான் வெவகாரம்."

"வண்டிமேல ஒரு கொறையும் இல்ல. பதினொண்ணு நாப்பத்தாறு ஓடுச்சே! அத ரெண்டாவது வந்துச்சுன்னு எவனும் சொல்ல முடியாது."

"வண்டி ஜெயிச்சிருச்சு, நான் தோத்துட்டேன்னு சொல்ற."

"நான் சொல்லல. நீ சொல்ற."

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பெரிய உடம்பு குலுங்கச் சிரித்தான்.

பணத்தை என் கார்மேல் வைத்து எண்ண முடியாது, முன்மூடி தோசைக்கல்லாகக் கொதிக்கிறது. புதுசுக்கு எஞ்சின் பின்னால் அல்லவா, மூக்கு ஜில்லென்று இருந்தது. அதன்மேல் வைத்து எண்ணினேன். காற்றில் பறக்காமல் நெல்டா விரலால் அமுக்கிப் பிடித்தாள். சுற்றி ஒரு இருபது பேர் நின்று, நான் எண்ண எண்ண அவர்களும் வாய்க்குள் எண்ணினார்கள். நாலாயிரம். நாலாயிரத்து நூறு. நாலாயிரத்து இருநூறு.

"போதும் மாப்ள," என்றான் ஹோபர்ட். "எண்பத்தஞ்ச விடு. அன்னிக்குத் தரை போட்டதுக்கு நான் கூலியே தரல."

"அது குடும்பத்துக்குள்ள. கூலி கேக்கல. இதுல ஒரு டாலர் கொறஞ்சாலும் நான் உனக்குக் கடன்காரன்தான். வாங்கிக்க."

நான்கு இருபது, ஒரு ஐந்து. அவன் முழுவதையும் எடுத்து எச்சில் தொட்டு மறுபடி முதலிலிருந்து எண்ணினான். அதில் எனக்குக் கோபம் வரவில்லை. நானாயிருந்தாலும் அப்படித்தான் செய்வேன். பிறகு சட்டைப்பையிலிருந்து உரிமைப் பத்திரத்தை எடுத்து நெல்டா கையில் கொடுத்தான். கடன் எழுதிய தாளை எடுத்து இரண்டாக, நான்காகக் கிழித்தான்.

"சரியா இருக்கு," என்றான். "நாலாயிரத்து இருநூத்து எண்பத்தஞ்சு. தீந்துச்சு."